நுரையீரலில் விழும் மடிப்பு: புற்றுநோய் வேடம் போடும் கல்நார்ப் பாதிப்பு

"வலது நுரையீரலின் கீழ் மடலில், பின்பக்கம், உறையை ஒட்டி 4 செ.மீ. கட்டி. புற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்கவும்." வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிய, அதைத் தொடர்ந்து எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில் இப்படி ஒரு வரி வருகிறது. ஆளுக்கு இருமல் இல்லை, எடை குறையவில்லை, சளியில் ரத்தம் வரவில்லை. ஆனால் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கொதிகலன் குழாய்களுக்கு வெப்பக்காப்பு சுற்றும் வேலையோ, கப்பல் கட்டும் தளத்தில் வேலையோ, சிமென்ட் ஷீட் அறுக்கும் வேலையோ செய்திருப்பார். எல்லாமே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு பறக்கும் வேலைகள். அந்தக் கட்டி புற்றுநோயாக இருக்கலாம். கட்டியே இல்லாமல், நுரையீரலின் ஒரு பகுதி தன்மேல் தானே மடிந்து சுருண்டு கிடப்பதாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

மருத்துவத்தில் இதற்கு 'ரவுண்டட் அட்டலெக்டேசிஸ்' என்று பெயர். அட்டலெக்டேசிஸ் என்றால் காற்று இறங்கிச் சுருங்கிய நுரையீரல். இங்கே சுருங்கிய பகுதி உருண்டையாக இருப்பதால் 'ரவுண்டட்'. 1966-ல் பிளெசோவ்ஸ்கி என்ற மருத்துவர் 'மடிந்த நுரையீரல்' என்று இதை விவரித்தார். அதனால் 'பிளெசோவ்ஸ்கி சிண்ட்ரோம்' என்றும் எழுதுவார்கள். மூன்று பெயர்களில் 'மடிந்த நுரையீரல்' என்பதுதான் உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறது. இது அரிதான நிலை. எல்லா நோயாளிகளுக்கும் இது கல்நாரால் வருவதில்லை. காசநோயால் நுரையீரல் உறையில் வரும் அழற்சி, மார்பில் ரத்தமோ சீழோ கட்டுவது, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் நீர் கோத்தல், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றாலும் வரலாம். ஆனால் அதிகம் காணப்படும் காரணம் கல்நார்தான்.

தூசு எப்படி உறை வரை போகிறது

கல்நார் என்பது இயற்கையில் கிடைக்கும் சிலிகேட் கனிமம். மற்றக் கனிமங்கள் உடைந்தால் துகளாகும். இது நீளவாக்கில் பிளந்து பிளந்து மேலும் மெல்லிய நாராகும். வெள்ளைக் கல்நாரான கிரைசோடைல், நீலக் கல்நாரான குரோசிடோலைட், பழுப்புக் கல்நாரான அமோசைட் ஆகிய மூன்றும்தான் தொழிலில் அதிகம் புழங்கியவை. வெப்பம் தாங்கும், எளிதில் அறாது, அமிலத்துக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும் என்பதால் கொதிகலன், நீராவிக் குழாய், பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட், தீத்தடுப்புத் துணி, சிமென்ட் ஷீட் என்று எங்கெங்கோ சேர்த்தார்கள்.

நாரின் நீளத்தைவிட அதன் தடிமன்தான் அது எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. 3 மைக்ரானுக்கும் மெலிந்த நார், 5 மைக்ரானுக்கும் நீளமாக இருந்தாலும் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பிக்கொண்டு கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே உடலின் துப்புரவுச் செல்கள் அதை விழுங்கப் பார்க்கும். செல்லைவிட நார் நீளம். பாதி விழுங்கிய நிலையில் செல் திணறி, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுற்றிலும் கொட்டுகிறது. அந்தச் செல் இறந்தால் இன்னொன்று வந்து அதே நாரோடு மல்லுக்கு நிற்கும். வேலையை விட்டு முப்பது ஆண்டு ஆன பிறகும் பாதிப்பு தொடர்வதற்கு இதுதான் காரணம். கிரைசோடைல் நார் ஓரளவு சீக்கிரம் கரைந்து போகும். நீலமும் பழுப்பும் பல்லாண்டுகள் தங்கும்.

நார்களில் ஒரு பகுதி நுரையீரலைத் தாண்டி அதன் உறைக்கும் போகிறது. 'ப்ளூரா' எனப்படும் இந்த உறை இரண்டு படலம் கொண்டது. ஒன்று நுரையீரலோடு ஒட்டிய உள்படலம், மற்றொன்று விலாக்கூட்டின் உட்புறத்தைப் போர்த்தும் வெளிப்படலம். நடுவில் சில மில்லிலிட்டர் திரவம் மட்டுமே. மூச்சு விடும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வது அதனால்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நாமும் இதைக் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் குழம்பிப் போகும். கல்நார் தொட்டவர்களிடம் அதிகம் காணப்படுவது 'பிளேக்' எனப்படும் திட்டுகள். அவை வெளிப்படலத்தில் வரும். தட்டையாக, பல சமயம் சுண்ணாம்பு படிந்து இருக்கும். நுரையீரலோடு ஒட்டாது, அதனால் அதை மடிக்காது. மடிப்பு விழுவதற்கு உள்படலம் தடித்துத் தழும்பாக வேண்டும். அறிக்கையில் 'ப்ளூரல் பிளேக்' என்று மட்டும் இருப்பதும், 'டிஃப்யூஸ் ப்ளூரல் திக்கனிங்' என்று இருப்பதும் ஒன்றல்ல. பின்னது இரண்டு படலமும் சேர்ந்து ஒட்டிக்கொண்ட பரவலான தடிப்பு. மடிந்த நுரையீரல் இதன் பக்கத்தில்தான் இருக்கும். 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்பது இவ்விரண்டும் அல்ல. அது உறைக்குள்ளே இருக்கும் நுரையீரல் திசுவே நார்த்திசுவாக மாறுவது. ஒரே ஆளுக்கு மூன்றும் இருக்கலாம்.

மடிப்பு விழும் விதம்

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது நீர் பற்றியது. கல்நார் தொட்டவர்களுக்கு, தொடங்கி 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் கூட, உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது உண்டு. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். பலருக்கு அறிகுறியே இருக்காது. சில மாதங்களில் தானே வற்றிவிடும். நீர் நிறைந்திருக்கும்போது நுரையீரலின் கீழ்நுனி அதில் மிதந்து, மேல்நோக்கி மடங்குகிறது. மடங்கிய இடத்தில் அழற்சிப் பசை ஒட்டிக்கொள்கிறது. நீர் வற்றிய பிறகு சுற்றியுள்ள நுரையீரல் விரிந்துவிடும்; ஒட்டிய மடிப்பு மட்டும் விரியாமல் அப்படியே உள்ளே நின்றுவிடும்.

இரண்டாவது விளக்கத்துக்கு நீர் தேவையில்லை. உள்படலம் தழும்பாகும்போது சுருங்கும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் துணி எப்படி மடிப்பு மடிப்பாக நடுவை நோக்கி வருமோ, அப்படியே தழும்பு தன்னோடு ஒட்டியுள்ள நுரையீரலை இழுத்து உருட்டுகிறது. அறுவை சிகிச்சையில் சுருங்கிய உள்படலத்தைக் கீறி உரித்ததும் 'கட்டி' விரிந்து, சாதாரண நுரையீரலாகி மறைந்துபோவது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. கல்நாரைப் பொறுத்தவரை சுருக்குப்பை விளக்கமே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது எங்கள் கருத்து. பலருக்கு நீர் கோத்ததற்கான பழைய பதிவே இல்லை என்பதுதான் காரணம். ஆனால் அறிகுறியில்லாமல் வந்து போன நீருக்குப் பதிவு எங்கிருந்து வரும் என்று எதிர்க்கேள்வி கேட்டால், அதிலும் நியாயம் உண்டு.

இரண்டில் எது சரியானாலும் விளைவு ஒன்றுதான்: தடித்த உறை, அதை ஒட்டி உருண்ட நுரையீரல், அதற்குள் வளைந்து இழுபட்ட ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழாய்களும். ஸ்கேனில் தேடவேண்டியதும் இதைத்தான்.

சி.டி. ஸ்கேனில் நான்கு அடையாளங்கள்

எக்ஸ்ரேயில் இது வெறும் வட்ட நிழல். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சி.டி.யில் நான்கு அடையாளங்களும் சேர்ந்து இருந்தால்தான் 'மடிந்த நுரையீரல்' என்று துணிந்து சொல்லலாம். மூன்று இருந்து ஒன்று இல்லையென்றால், புற்றுநோய் இல்லை என்று நிரூபிக்கும் வரை அதைப் புற்றுநோயாகவே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கட்டி நுரையீரலின் ஓரத்தில், உறையோடு நேரடியாக ஒட்டி இருக்க வேண்டும். உருண்டை, முட்டை, ஆப்பு ஆகிய எந்த வடிவத்திலும் இருக்கலாம். அளவு பெரும்பாலும் 2.5 முதல் 7 செ.மீ. வரை. கீழ் மடலின் பின்பகுதி இதற்கு மிகவும் பிடித்த இடம். இடது நுரையீரலின் மேல் மடலில் நாக்குப் போல நீளும் கீழ்ப்பகுதியான லிங்குலாவிலும் வலது நடு மடலிலும்கூட வரும். உறைக்கும் கட்டிக்கும் இடையே காற்றுள்ள நுரையீரல் ஒரு பட்டையாகத் தெரிந்தால் இது அதுவல்ல.

இரண்டாவது, அதே இடத்தில் உறை தடித்திருக்க வேண்டும். மார்பின் மறுபக்கத்தில் எங்கோ ஒரு பிளேக் இருப்பது கணக்கில் வராது. கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில், கட்டிக்குப் பக்கத்தில்தான் தடிப்பு அதிகமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, வால்நட்சத்திரக் குறி. இதுதான் மிக முக்கியமானது. நுரையீரலின் நடுவேரிலிருந்து வரும் ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழாய்களும் நேராகக் கட்டிக்குள் போகாது. வில்லாக வளைந்து, ஒன்றுகூடி, கட்டியின் கீழ் ஓரத்திலோ உள் ஓரத்திலோ நுழையும். கட்டி வால்நட்சத்திரத்தின் தலை, வளைந்து வரும் குழாய்கள் அதன் வால். மடிப்பு சுருளும்போது தன்னோடு குழாய்களையும் சுற்றி இழுத்துக்கொண்டு போனதன் தடம் அது. புற்றுக்கட்டி வளரும்போது குழாய்களைத் தள்ளும், நெரிக்கும், சட்டென்று வெட்டி நிறுத்தும். இப்படி நயமாக வளைத்துச் சுற்றாது. ஆரம்பநிலை மடிப்பில் வால் இல்லாமல், உறையிலிருந்து சில கோடுகள் மட்டும் காக்கைக்கால் போல விரிந்திருக்கும்.

நான்காவது, அந்த மடல் அளவில் சிறுத்திருக்க வேண்டும். நுரையீரலின் ஒரு பகுதி மடிந்து சுருங்கிவிட்டது என்றால் அந்தப் பக்கம் இடம் மிச்சப்பட வேண்டும் அல்லவா? மடல்களைப் பிரிக்கும் பிளவுக்கோடு கட்டியை நோக்கி நகர்ந்திருக்கும். பக்கத்து மடல் கொஞ்சம் ஊதியிருக்கும். சாதாரணமாகப் புற்றுக்கட்டி இடத்தை அடைக்கும், மிச்சப்படுத்தாது. அறிக்கையில் இந்த நான்காவது விஷயத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். எழுதவில்லை என்றால் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இவற்றைச் சரியாகப் பார்க்க ஸ்கேன் சரியாக எடுக்கப்பட வேண்டும். 5 மி.மீ. தடிமனான துண்டுகளாக, குறுக்குவெட்டில் மட்டும் பார்த்தால் வளைந்த குழாய் நறுக்கிய புள்ளிகளாகத் தெரியும். வால் காணாமல் போய்விடும். 1 முதல் 1.5 மி.மீ. மெல்லிய துண்டுகள் வேண்டும். அவற்றிலிருந்து முன்பக்க, பக்கவாட்டு வெட்டுகளையும் கணினியில் உருவாக்கிப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து எடுக்கும் ஸ்கேனில் நுரையீரலின் பின்பகுதி தன் எடையிலேயே கொஞ்சம் அமுங்கித் தெரியும். சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்கவைத்து ஒரு சிறு பகுதியை மட்டும் மறுபடி எடுப்பார்கள். எடையால் அமுங்கியதாக இருந்தால் மறைந்துவிடும். உண்மையான மடிப்பு அப்படியே நிற்கும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் மடிந்த பகுதி ஒரே சீராக நன்றாக ஒளிரும். காரணம், அது உயிருள்ள நுரையீரல். அதன் ரத்த ஓட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் சில புற்றுக்கட்டிகளும் ஒளிரும் என்பதால் ஒளிர்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

பெட் ஸ்கேனும் பயாப்ஸியும்

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துவார்கள். வேகமாகப் பெருகும் புற்றுச்செல்கள் சர்க்கரையை அதிகம் இழுக்கும், படத்தில் சூடாகத் தெரியும். மடிந்த நுரையீரலில் பெருகும் செல் இல்லை. அதனால் பெரும்பாலும் சூடாகாது. சி.டி.யில் நான்கு அடையாளமும் ஏறக்குறைய இருந்து, ஒன்று மட்டும் தெளிவில்லாமல் இருக்கும்போது பெட் உதவும்.

உதவும், தீர்ப்புச் சொல்லாது. இரண்டு பக்கமும் பிழை வரும். மடிப்பைச் சுற்றிப் புதிய அழற்சியோ தொற்றோ இருந்தால் அது சூடாகிப் பயமுறுத்தும். மறுபக்கம், மெதுவாக வளரும் சில அடினோகார்சினோமா வகைகளும் கார்சினாய்டு கட்டிகளும் அதிகம் சூடாகாமல் ஏமாற்றும். பெட் குளிர்ந்திருக்கிறது, ஆனால் வால்நட்சத்திரக் குறி இல்லை என்றால் நிம்மதி கொள்ள அது போதாது.

பயாப்ஸி எடுக்க வேண்டி வந்தால், சி.டி. வழிகாட்டுதலில் ஊசி செலுத்தித் திசுத்துண்டு எடுப்பார்கள். கட்டி உறையை ஒட்டியே இருப்பதால் ஊசி காற்றுள்ள நுரையீரலைக் கடக்க வேண்டியதில்லை. எனவே நுரையீரல் சுருங்கிக் காற்று கசியும் ஆபத்து, நடுவில் இருக்கும் கட்டிகளைவிடக் குறைவு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எதையாவது சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதெல்லாம் மருந்தையும் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது.

முடிவு வந்ததும் அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மடிந்த நுரையீரலிலிருந்து எடுத்த திசுவில் 'மடிந்த நுரையீரல்' என்று எழுதியிருக்காது. தடித்த, கசங்கிய உறை, நார்த்திசு, நாள்பட்ட அழற்சி, காற்றிறங்கிய காற்றறைகள் இவ்வளவுதான் இருக்கும். 'புற்றுச்செல் காணப்படவில்லை' என்ற வரிக்கு, ஊசி எடுத்த அந்தச் சில மில்லிமீட்டரில் இல்லை என்பது மட்டுமே பொருள். கட்டியின் மற்றப் பகுதிக்கு அது உத்தரவாதம் இல்லை. ஆக, ஸ்கேன் அடையாளமும் பயாப்ஸியும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அந்த எதிர்மறை முடிவுக்கு மதிப்பு.

தவறு எங்கே நடக்கிறது

இரண்டு திசையிலும் நடக்கிறது. ஒரு திசையில், மடிப்பைப் புற்றுநோய் என்று நினைத்து மடலையே அகற்றிவிடுவது. சி.டி. பரவலாவதற்கு முன் இது நடந்துகொண்டிருந்தது. மார்பைத் திறந்த பிறகுதான் கட்டி இல்லை என்று தெரியவந்தது. இன்றும் வேலை வரலாற்றைக் கேட்காமல், பழைய படங்களைப் பார்க்காமல் அவசரப்படும் இடத்தில் இது நடக்கலாம்.

மறுதிசைதான் ஆபத்தானது. கல்நார் நுரையீரலை மடிக்கும் பொருள் மட்டுமல்ல. நுரையீரல் புற்றுநோயையும், உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயையும் உண்டாக்கும் பொருளும் அதுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எனவே 'இவர் கல்நாரில் வேலை செய்தவர், ஆகவே இது மடிப்பாகத்தான் இருக்கும்' என்று சொல்வது அபத்தம். 'ஆகவே இது புற்றுநோயாகவும் இருக்கலாம்' என்பதற்கும் அதே காரணம்தான் ஆதாரம். வேலை வரலாறு இரண்டு தட்டிலும் எடை சேர்க்கிறது.

புகைபிடிப்பவருக்கு இரண்டாவது தட்டு மிகவும் கனம். வெப்பக்காப்புத் தொழிலாளர்களிடம் ஹாமண்ட், செலிகாஃப், சைட்மன் மூவரும் செய்து 1979-ல் வெளியிட்ட ஆய்வில், புகைக்காமலும் கல்நார் தொடாமலும் இருந்தவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து கல்நார் மட்டும் தொட்டவருக்குச் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்குச் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்குச் சுமார் 53 மடங்கு. பின்னால் வந்த ஆய்வுகளில் எண்கள் மாறுகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்ற போக்கு மாறவில்லை.

இன்னொரு பொறி: மடிப்புக்குப் பக்கத்திலேயே, சில சமயம் அதற்குள்ளேயே புற்றுநோய் வருவது. அரிது, ஆனால் பதிவாகியிருக்கிறது. நேற்றுவரை பழைய மடிப்பு என்று ஏற்கெனவே முத்திரை குத்திவிட்ட இடத்தில் புதிய வீக்கம் தெரிந்தால், முத்திரை கண்ணை மறைத்துவிடும். அதேபோல் உறையின் தடிப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். தடிப்பு 1 செ.மீ.க்கு மேல் இருப்பது, முடிச்சு முடிச்சாக இருப்பது, நுரையீரலை முழுச் சுற்றாகச் சூழ்வது, இதயப்பக்க உறைக்கும் பரவுவது இவை நான்கும் மீசோதீலியோமா போன்ற தீய தடிப்பைச் சுட்டும். சாதாரணத் தழும்புத் தடிப்பு இதயப்பக்கத்துக்குப் பெரும்பாலும் போகாது.

இதேபோல் வேடம் போடும் மற்றவை

கல் உடைத்தல், மணல் பீய்ச்சுதல், சுரங்கம் போன்ற வேலைகளில் சிலிக்கா தூசைச் சுவாசித்தவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் முற்றினால், சிறு முடிச்சுகள் சேர்ந்து பெரிய கட்டியாகும். இது மேல் மடலில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமச்சீராக வரும். ஆண்டுகள் போகப்போக நடுப்பக்கம் நகர்ந்து, வெளியோரத்தில் ஊதிய நுரையீரலை விட்டுவைக்கும். இது பெட் ஸ்கேனில் சூடாகும் என்பதால் அங்கே பெட்டை நம்பினால் ஏமாற்றம்தான். எண்ணெய் சார்ந்த மூக்குச் சொட்டு மருந்தோ மலச்சிக்கலுக்குக் குடிக்கும் பாரஃபின் எண்ணெயோ நெடுநாள் பயன்படுத்தி, அது சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கியிருந்தால் லிப்பாய்டு நிமோனியா வரும். அதுவும் கட்டி போலத் தெரியும். சி.டி.யில் கட்டிக்குள் கொழுப்பின் அடர்த்தி, அதாவது நீரைவிடக் குறைந்த எதிர்மறை எண் வந்தால் அதுவே துப்பு. பெரிலியம் உலோகத் தூசு வேறு வகை. அது புற்றுநோயைவிட, உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் வரும் சார்காய்டோசிஸ் என்ற நோயைத்தான் அதிகம் ஒத்திருக்கும்.

பழைய படமும் கண்காணிப்பும்

செலவே இல்லாத, மிகப் பயனுள்ள பரிசோதனை எது என்று கேட்டால், வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய எக்ஸ்ரேதான். அதே நிழல் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த படத்திலும் அதே அளவில் இருந்தால் கதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. படம் இல்லை, அறிக்கை மட்டும் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. எடுத்த இடத்தில் கணினிப் பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பழைய படம் இல்லாதவர்களுக்குக் கண்காணிப்பு. நான்கு அடையாளமும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் ஒரு முறை, பிறகு 12, 24 மாதங்களில் சி.டி. எடுத்துப் பார்ப்பார்கள், நோயாளியின் புகைப் பழக்கத்தையும் வயதையும் பொறுத்து இடைவெளி மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே முறையில், ஒரே துண்டுத் தடிமனில், முழுமூச்சை இழுத்துப் பிடித்த நிலையில் எடுக்க வேண்டும். அரை மூச்சில் எடுத்தால் நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கி, மடிப்பு பெரிதானது போலத் தெரியும். கான்ட்ராஸ்ட் இல்லாத குறைந்த கதிர்வீச்சு சி.டி. கண்காணிப்புக்குப் பொதுவாகப் போதும்.

அளவை எப்படிப் படிப்பது? உருண்டை விட்டத்தில் 26% கூடினால் அதன் கனஅளவு இரண்டு மடங்காகிவிடும். அதாவது 3 செ.மீ. கட்டி 3.8 செ.மீ. ஆனால், 'சும்மா 8 மி.மீ.தானே' என்று சொல்லக் கூடாது. உள்ளே இருக்கும் பொருள் இரட்டிப்பாகிவிட்டது. திடமான நுரையீரல் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் 20 முதல் 400 நாள்களுக்குள் கனஅளவில் இரட்டிக்கும். அதனால்தான் இரண்டு ஆண்டு மாறாமல் இருப்பதற்கு இத்தனை மதிப்பு. மறுபக்கம், மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றிரண்டு ஏறி இறங்குவது அளக்கும் கையின் வேறுபாடாகவே இருக்கலாம். மடிப்பு சில சமயம் நீர் கோத்த பிறகு சில வாரங்களிலேயே உருவாகும், மெல்லச் சுருங்கவும் செய்யும். எனவே 'வளர்ந்தது, ஆகவே புற்றுநோய்' என்பதும் எப்போதும் சரியில்லை. வளர்ந்தால் பயாப்ஸி வரை போய்ப் பார்க்க வேண்டும் என்பதே சரி.

மருத்துவரிடம் என்ன எழுதிக்கொண்டு போவது

'தூசு வேலை செய்தேன்' என்ற ஒற்றை வரியால் பயனில்லை. ஒரு தாளில் வேலைக்கு வேலை எழுதுங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, கையில் எந்தப் பொருள், அதை அறுத்தீர்களா, துளைத்தீர்களா, உரித்தீர்களா, துடைப்பத்தால் கூட்டினீர்களா, அறைக்குள்ளா வெளியிலா, முகமூடி இருந்ததா, இருந்தால் துணியா வடிகட்டி வைத்ததா. பழைய வெப்பக்காப்பை உரித்து எடுப்பது, புதிதாகச் சுற்றுவதைவிட அதிகத் தூசைக் கிளப்பும் என்பதால் பராமரிப்பு வேலை செய்தவர்கள் அதை மறக்காமல் எழுத வேண்டும். தானே கல்நாரைத் தொடாமல், அதே அறையில் மின்வேலையோ தச்சுவேலையோ செய்தவருக்கும் இது பொருந்தும். வேலை செய்தவரின் உடையைத் துவைத்த வீட்டாருக்கும் பொருந்தும். குறிப்பாக மீசோதீலியோமா அப்படி வந்ததற்கு நிறையப் பதிவுகள் உண்டு.

அதோடு புகைபிடித்த கணக்கு, எப்போதாவது மார்பில் நீர் எடுத்தார்களா, காசநோய் வந்ததா, இதய அறுவை சிகிச்சை நடந்ததா என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கோர வாய்ப்புள்ளவர்களுக்கு இந்தத் தாளே முதல் ஆவணமாகும்.

சிகிச்சையும் அன்றாடமும்

மடிப்புக்கென்று மருந்து இல்லை; பெரும்பாலோருக்குத் தேவையும் இல்லை. ஸ்டீராய்டு அதை விரிக்காது. மூச்சுப்பயிற்சியும் விரிக்காது, ஒட்டித் தழும்பான உறை பயிற்சிக்கு இளகாது என்பதால். ஆனால் மீதி நுரையீரலின் திறனுக்குப் பயிற்சி நல்லது. மூச்சளவுப் பரிசோதனையில் மொத்தக் கொள்ளளவு குறைந்திருக்கலாம். ஆனால் முதல் நொடியில் வெளிவரும் காற்றின் விகிதம் குறையாமல் இருக்கும். கொள்ளளவுக் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் 4 செ.மீ. மடிப்பு அல்ல, நுரையீரலை இறுக்கிப் பிடித்திருக்கும் தடித்த உறை. மூச்சுத்திணறல் மிகவும் அதிகமான, வேறு நோய் இல்லாத சிலருக்கு மட்டும் அந்த உறையை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள். அது பெரிய அறுவை சிகிச்சை. படத்தில் கட்டி அசிங்கமாகத் தெரிகிறது என்பதற்காகச் செய்வதல்ல.

புகையை நிறுத்துவதே புற்றுநோய் ஆபத்தைக் கணிசமாகக் குறைக்க நோயாளியின் கையில் இருக்கும் ஒரே வழி. நுரையீரலில் ஏற்கெனவே தங்கிய நாரை வெளியே எடுக்க எந்த மருந்தும் இல்லை. 'நுரையீரலைச் சுத்தம் செய்யும்' கஷாயம், மாத்திரை என்று விற்பதை நம்பிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஃபுளூ தடுப்பூசி, நிமோகாக்கஸ் தடுப்பூசி இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே இறுகிய நுரையீரலுக்கு ஒரு நிமோனியா சாதாரண ஆளுக்கு வருவதைவிடக் கூடுதல் பாரம்.

அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே போக வேண்டிய சில நிலைகள் உண்டு: சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூன்று வாரத்தைத் தாண்டும் குரல் கம்மல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் அளவு தொடர்ந்து ஒரே இடத்தில் மார்புவலி, சில வாரங்களில் கூடிக்கொண்டே போகும் மூச்சுத்திணறல். உறைக்குள் மறுபடி நீர் கோத்தாலும் அப்படித்தான். முதல் முறை வந்த நீர் தீங்கற்றதாக இருந்தது என்பதால் இரண்டாவதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நீரை எடுத்துப் புற்றுச்செல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீரில் புற்றுச்செல் இல்லையென்றாலும், கல்நாரால் வந்த தீங்கற்ற நீர் என்று உறுதி செய்ய வழக்கமாக 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பார்க்கிறார்கள்.